வெள்ளவத்தைக்கு நித்திரைக்குப் போன கார்

கொழும்பில் ஒரு மனிதனைப் பார்த்து "எங்கே இருக்கிறீர்?" என்று அக்கறையாகக் கேட்பவர்கள் மூன்று பேர்: தபால்காரர், கலியாணம் பேச வருகிறவர், இன்ஷூரன்ஸ் கம்பனிக்காரர். இவர்களில் தபால்காரர் ஒருவர்தான் பதிலைக் கேட்டு நம்மை எடைபோடாதவர். மற்ற இருவரும் முகவரியைக் கேட்டவுடனேயே நம் விலையை மனதில் எழுதிவிடுவார்கள். நான் இன்ஷூரன்ஸ்காரரிடம் ஒரு சின்னப் பொய் சொன்னேன். அது தானாக நடந்துபோய்க் கலியாணம் பேச வந்தவரின் காதில் விழுந்தது. அந்தக் கதையை என் வாயால் சொல்லி முடித்துவிட்டால் நல்லது. மற்றவர்கள் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். (கூட்ட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் துக்கம்.)

வெள்ளைக்காரன் இலங்கையை ஆண்ட கடைசிக் காலம் அது. கொழும்பின் கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலைக் கம்பனியின் கந்தோரில் நான் கிளாக்கர். வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு நீண்ட சந்தின் கடைசியில். நானும் என் மனைவி மங்கையும் வாடகைக்கு இருந்தோம். எங்கள் கந்தோர்த் துரைகளில் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் நாயை இன்னொரு துரைக்கும், காரை எனக்கும் விற்றார். நாய்தான் கூடிய விலைக்குப் போனது என்று கந்தோரில் பேசிக்கொண்டார்கள். நான் அதையெல்லாம் காதில் போடவில்லை. கார் வைத்திருக்கும் கிளாக்கர் என்று கோட்டை முழுவதிலும் நான் ஒருவன்தான் என்ற நினைப்பில் என் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டிருந்தது.

காரில் நான்கு பேர் இருக்கலாம். இரண்டு பேர் மட்டும் இருந்தால் மற்ற இரண்டு பேரும் தள்ளலாம்.

தெருவில் கார் ஓட்டுகிறவன் கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டதால், கோட்டையில் இருந்த ஒரு கம்பனிக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்தவர் இராசநாயகம் என்ற யாழ்ப்பாணத்தவர். நம்முடைய ஆள் என்ற தெம்பில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கண் பார்வை எப்படி, வலிப்பு உண்டா, இதற்கு முன் யாரையாவது இடித்ததுண்டா என்றெல்லாம் கேட்டு எழுதினார். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன். கடைசியில் கேட்டார்:

"இரவில கார் எங்க நிக்கும்?"

"எங்கட வீட்டு வாசலிலதான். கொட்டாஞ்சேனை."

பேனையைக் கீழே வைத்துவிட்டார். செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி என்னைப் பார்த்து, "சிவப்பு" என்றார்.

அவருக்குப் பின்னால் சுவரில் கொழும்பு வரைபடம் ஒன்று தொங்கியது. கம்பனி மனேஜர் துரை அதற்குப் பென்சிலால் வர்ணம் தீட்டியிருந்தார். துறைமுகம், கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை எல்லாம் சிவப்பு. பெரிய துரைமார் குடியிருக்கும் கறுவாத்தோட்டம் பச்சை. கடற்கரையோரமாகத் தெற்கே போனால் வெள்ளவத்தையும் பச்சை. சிவப்பில் இருப்பவன் பச்சையில் இருப்பவனைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கட்ட வேண்டுமாம்.

"ஏன் ஐயா?"

"லொறி, மாட்டு வண்டில், ட்ராம், கப்பலால இறங்குற ஆக்கள், கள்ளர்."

"எங்கட சந்துக்குள்ள லொறி வராது. ட்ராமும் வராது. கள்ளன் வந்தாலும் இந்தக் காரை ஸ்டார்ட் பண்ணத் தெரிய வேணுமே. எனக்கே இன்னும் சரியாய்த் தெரியாது."

"அது உமக்கும் எனக்கும் தெரியும். துரையின்ர பென்சிலுக்குத் தெரியாது."

"துரை கொட்டாஞ்சேனைக்கு வந்து பார்த்தவரோ?"

"கப்பலால வந்து இறங்கின அண்டைக்கு அந்தப் பக்கத்தால காரில போனவராம்."

அதே கார். அதே சாரதி. பகல் முழுவதும் ஓடப்போவதும் கோட்டையின் அதே தெருக்களில்தான். ஆனால் இரவில் எந்தத் தெருவில் கண்ணை மூடுகிறது என்பதை வைத்துத்தான் அதன் ஒழுக்கம் முடிவாயிற்று. இந்த அநியாயத்தைக் கண்டு எனக்குக் கொதித்தது. கொதித்தவன் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், குரலைத் தாழ்த்தி, "இப்ப யோசிச்சுப் பார்க்கிறன், கார் வெள்ளவத்தையில எங்கட அக்கா வீட்டிலதான் நிக்கும். நானும் அங்கதான் இருக்கிறன்" என்றேன்.

இராசநாயகம் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ஆள் அனுப்பிப் பார்ப்பம்."

"எப்ப?"

"சொல்லிப்போட்டு வரமாட்டினம்."

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தபால் கந்தோரில் பெரிய உத்தியோகத்தர். முத்திரை குறைவாக ஒட்டிய கடிதம் பெற்ற தாயிடமிருந்து வந்தாலும் தண்டம் வாங்காமல் விடாத மனிதர். அவரிடம் இன்ஷூரன்ஸ் கதையை எடுத்திருந்தால் காரோடு என்னையும் படலைக்கு வெளியே விட்டிருப்பார். ஆகவே, "எங்கட சந்து ஒடுக்கம் அத்தான், கார் கொஞ்ச நாளைக்கு இங்க நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். நின்றது. அங்கிருந்துதான் என் சீரழிவு தொடங்கியது.

என் வீட்டிலிருந்து கந்தோருக்கு நடந்தால் அரை மணித்தியாலம். இப்போது நான் காலையில் ட்ராமில் கோட்டைக்கு வந்து, கந்தோரைக் கடந்துபோய், ரயில் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், அங்கே காரை எடுத்து, திரும்பக் கோட்டைக்கு ஓட்டி வந்து வேலைக்கு உட்கார்ந்தேன். பின்னேரம் காரை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, ரயிலிலும் ட்ராமிலும் நெருக்குப்பட்டு வீடு சேர்ந்தேன். கார் வாங்குவதற்கு முன் நான் இவ்வளவு தூரம் ரயிலில் போனதே இல்லை. மிச்சம் பிடித்தது ரயிலுக்கும் பெட்ரோலுக்கும் போய்விட்டது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் சென்றது. (கணக்கெழுதித்தான் சம்பளம் வாங்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.) ஆனாலும் தொடங்கியதை விட முடியுமா? ஆள் எப்போது வருவானோ யாருக்குத் தெரியும்?

"கார் வாங்கினது எனக்கோ, வெள்ளவத்தைக் கடல் காத்துக்கோ?" என்று மங்கை கேட்டாள். அவள் அதில் ஒரு தடவைதான் ஏறியிருந்தாள். அன்றும் பாதி வழி தள்ளினாள்.

அந்த நாட்களில் அக்கா வீட்டில் வேறொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. அக்காவின் ஒரே மகள் பூரணத்துக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி, அதாவது டாக்டருக்கு ஒரு படி கீழே. இதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் சாதகத்தில் தட்டுப்பட்டுப் போய், அக்கா அழுது களைத்திருந்தாள். இந்த முறை சாதகம் பொருந்தியது. அதைவிடப் பெரிய அதிசயம், கோயிலில் தூரத்தில் நின்று பார்த்த அளவில் பூரணத்துக்கு ஆளையும் பிடித்துவிட்டது. அதை அவள் தாயிடம் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் நான் காரை நிறுத்தும்போது வந்து, "மாமா, இதை மட்டும் குழப்பிப்போடாதேங்கோ" என்றாள். குழந்தை அத்தனை பேரையும் விட்டு என்னிடம் வந்து ஏன் இதைச் சொன்னாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா, அத்தான், பூரணம் மூவரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் முற்றத்தில் கார் கழுவிக்கொண்டு நின்றேன். சந்திக் கடை முஸ்லிம் நானா படலையடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"தொரை, ஒரு மனிசன் வந்து ஒங்கட ஊட்டப் பத்தியே கேட்டுட்டுப் போறாரு. எத்தின வருசமா இரிக்கிறாங்க, எப்பிடி ஆக்கள், கார் ஆருடையது எண்டெல்லாம் கேட்டாரு."

என் கையிலிருந்த துணி விழுந்தது. எதிர் வீட்டுப் படலையில் கோட்டுப் போட்டு, கையில் குடையும் சின்னக் கொப்பியுமாக ஒருவர் நின்று அந்த வீட்டு அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ்!

எங்கள் ஆட்களின் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. சொல்லிக்கொண்டு வருவது பெண் பார்க்க. சொல்லாமல் வருவது வீடு பார்க்க. மாப்பிள்ளை பகுதியில் அனுபவப்பட்ட ஒருவர் முதலில் தனியே வந்து, சந்திக் கடையிலும் அயல் வீட்டிலும் விசாரித்து, கிணறு, கக்கூஸ், கூரை எல்லாம் பார்த்துவிட்டுப் போவார். இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரண்டு மாதமாக என் தலைக்குள் இன்ஷூரன்ஸைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அவர் படலையைத் திறந்ததும் நான் ஓடிப்போய்க் கதிரை வைத்தேன்.

அவர் அதில் உட்காரவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இந்தக் கார் ஆற்றை?"

"இந்த வீட்டுக் கார்தான் ஐயா. இரவு பகல் இங்கதான் நிக்கும். வேற ஒருத்தருக்கும் இதில உரிமை இல்லை."

கொப்பியில் எழுதினார். எனக்கு மனம் குளிர்ந்தது.

"நீர் ஆர்?"

"வீட்டுக்கார அம்மாவின்ர தம்பி. நானும் இங்கதான் இருக்கிறன். ரெண்டு வருசமாய்."

"குடும்பம்?"

மனைவி இருக்கிறாள் என்றால் எங்கே என்று கேட்பார். "குடும்பம் இல்லை ஐயா. தனிக்கட்டை."

அவர் என் தலையில் எட்டிப் பார்த்த நரையைப் பார்த்தார். விஷயத்தை விரைவாக முடித்துவிடலாம் என்று நானே முந்திக்கொண்டேன்.

"கண் நல்லாய்த் தெரியும். வலிப்பும் இல்லை."

அவர் கை நின்றது. "வலிப்பைப் பற்றி நான் கேக்கேல்லையே?"

"நீங்கள் கேக்காட்டிலும் சொல்ல வேண்டியது எங்கட கடமை. இதுவரைக்கும் ஒருக்காலும் வந்ததில்லை. இனி வந்தாலும் உடன எழுத்தில அறிவிப்பம்."

அவர் ஓர் அடி பின்னால் போனார். என் நேர்மையைக் கண்டு அசந்துவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கொழும்பில வேற எங்கையும் உங்கட ஆக்களுக்கு வீடு வளவு இருக்கோ?"

சீதனம் பேச வந்தவர் கேட்க வேண்டிய மிக நியாயமான கேள்வி அது. எனக்கோ அது வேறு மாதிரிக் கேட்டது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்! சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாத் தாள் ஒன்றை எடுத்து அவருடைய கோட்டுப் பைக்குள் வைத்து, கையையும் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, ஒரு உதவி செய்யுங்கோ. கொட்டாஞ்சேனைக் கதையை மட்டும் எழுதாதேங்கோ."

"கொட்டாஞ்சேனை?"

"உங்களுக்குத் தெரியாதது மாதிரி இருந்திடுங்கோ."

"எல்லாம் விளங்குது தம்பி" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போனார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நான் விசிலடித்துக்கொண்டு மிச்சக் காரைக் கழுவினேன்.

புதன்கிழமை மத்தியானம் அத்தான் என் கந்தோருக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. தொப்பியைக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சம்பந்தம் வேண்டாம் எண்டு ஆள் அனுப்பிப்போட்டினம்."

"ஏன் அத்தான்?"

"எங்கட பரம்பரையில வலிப்பாம். வீட்டோட இருக்கிற மாமனுக்குக் கொட்டாஞ்சேனையில ஒளிச்சு வைச்ச குடும்பமாம். அதை மறைக்க லஞ்சமும் குடுத்தவராம்." மூச்சு வாங்கினார். "எங்கட வீட்டோட இருக்கிற மாமன் ஆர் எண்டு நான் நேற்று முழுக்க யோசிச்சனான்."

எனக்கு அந்த இடத்திலேயே வலிப்பு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உண்மையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். பக்கத்து மேசைகளில் பேனைகள் எல்லாம் நின்றுவிட்டன. அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளை மூண்டு நேரமாய்ச் சாப்பிடேல்லை" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த ஒரு வசனம்தான் என்னைக் கொன்றது. பூரணம் வந்து சொன்னது அப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது.

அன்று பின்னேரம் மங்கையிடம் கேட்டேன், யாராவது வந்தார்களா என்று. இரண்டு நாளாகக் கறியில் உப்பும் வாயில் பேச்சும் இல்லாமல் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"திங்கக்கிழமை ஒரு ஐயா வந்தவர். 'உம்மட மனுசன் வீட்டுக்கு ஒழுங்காய் வாறவரோ பிள்ளை' எண்டு கேட்டார். 'வாறவர், ஆனா வெள்ளவத்தைக்குப் போட்டுத்தான் வாறவர், ஒவ்வொரு நாளும் சுணங்கும்' எண்டு உள்ளதைச் சொன்னன். 'பாவம்' எண்டிட்டு, செலவுக்கு வைச்சுக்கொள் எண்டு பத்து ரூபா தந்திட்டுப் போனவர்."

"எங்கை அந்தக் காசு?"

"ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு வைச்சிருக்கிறன்."

அடுத்த நாள் அத்தான், மங்கை, நான் மூவரும் அந்த மனிதரைத் தேடிப் போனோம். அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், அம்பலவாணர் என்று பெயர். கொச்சிக்கடையில், அந்தோனியார் கோயிலுக்குப் போகிற வழியில், யாழ்ப்பாணச் சுருட்டுக் கடை வைத்திருந்தார். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கொட்டாஞ்சேனையில் என்னைப் பற்றி விசாரிக்க அவருக்குக் குடை கூடத் தேவைப்பட்டிருக்காது.

சுருட்டுக் கட்டுகளுக்கு நடுவே நின்று நான் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். வரைபடம், சிவப்பு, பச்சை, ரயில், ட்ராம், எல்லாம். சுருட்டு வாங்க வந்தவர்கள் வாங்கிய பிறகும் போகவில்லை.

"அப்ப வலிப்பு?"

"இல்லை ஐயா."

"ரெண்டு குடும்பம்?"

மங்கை குறுக்கிட்டாள். "ஒண்டையே ஒழுங்காய் நடத்தத் தெரியாது ஐயா."

அம்பலவாணர் சிரித்தார். கடையே சிரித்தது. முடிந்தது என்று நானும் சிரிக்கப் போனேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எல்லாம் விளங்குது. ஒண்டுதான் விளங்கேல்லை. நான் முப்பது வருசமாய் இந்தப் பகுதியில இருக்கிறன். இங்க உழைச்சுத்தான் நாலு சகோதரியளுக்குக் கலியாணம் செய்து வைச்சனான். ஒரு வெள்ளைக்காரன் பென்சிலால கோடு போட்டதுக்கு, கொட்டாஞ்சேனையில இருக்கிறன் எண்டு சொல்ல உமக்கு வெக்கமாய்ப் போச்சோ?"

காசுக்காகச் சொன்ன பொய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது, வெள்ளவத்தை என்று சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று. வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் அசடு வழிந்திருக்கிறேன். உண்மையாக வெட்கப்பட்டது அந்தச் சுருட்டுக் கடையில்தான்.

"பெடியன் கட்டினா அந்தப் பிள்ளையைத்தான் எண்டு நிக்கிறான்" என்றார் அம்பலவாணர், அத்தானைப் பார்த்து. "எங்களுக்கும் இனித் தடையில்லை. ஆனா ஒரு விஷயம். பொம்பிளை வீட்டில கார் இருக்கெண்டு ஞாயிற்றுக்கிழமையே ஊருக்கெல்லாம் காயிதம் போட்டிட்டன். இனி இல்லையெண்டு எழுதினால் எனக்கு மரியாதை இல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுக் கார், வேற ஒருத்தருக்கும் உரிமை இல்லை எண்டு சொன்னது நீர்தானே?"

அத்தான் என்னைப் பார்த்தார். முத்திரை குறைந்த கடிதத்தைப் பார்க்கிற அதே பார்வை.

"ஓம்" என்றேன். "நான்தான் சொன்னனான்."

கார் சீதன உறுதிப் பத்திரத்தில் ஏறியது. தாலி கட்டி முடிந்ததும் பூரணம் முதலில் என் காலில்தான் விழுந்து கும்பிட்டாள். என்னாலும் அழுகையை அடக்க முடியவில்லை. காருக்காக அழுகிறேன் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். (பாதி உண்மை.)

இன்ஷூரன்ஸை மாற்றி எழுத இராசநாயகத்திடம் போனபோது, "நீங்கள் அனுப்புவம் எண்டு சொன்ன ஆள் கடைசி வரைக்கும் வரேல்லையே?" என்று கேட்டேன்.

"எங்களிட்ட அப்பிடி ஒரு ஆள் இல்லை" என்றார். "எல்லாரிட்டையும் அப்பிடிச் சொல்லுறது வழக்கம்."

மாப்பிள்ளைக்கு எங்கள் பகுதிக்கே மாற்றம் கிடைத்தது. எங்கள் சந்திலேயே வீடு எடுத்தார்கள். கார் என் வாசலுக்கு நாலு வீடு தள்ளி, சிவப்புக் கட்டணம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, பல வருடம் நின்றது. லொறி இடிக்கவில்லை, கள்ளன் தொடவில்லை, கப்பலால் இறங்கியவன் எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் ஆயுளில் அது ஒரேயொரு முறைதான் இடிபட்டது. அது வெள்ளவத்தையில், அக்கா வீட்டுப் படலைத் தூணில்.

மங்கை ஊருக்குப் போகவில்லை. அந்தப் பத்து ரூபாவுக்குச் சேலை வாங்கிவிட்டாள். ஆனால் மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. எனக்கு நரை முழுவதும் விழுந்து பென்ஷனும் எடுத்தாயிற்று. இன்றைக்கும் யாராவது வாசலில் வந்து நின்று, "ஐயா வீட்டில நிக்கிறாரோ?" என்று கேட்டால், நான் பக்கத்திலேயே சாய்மனைக் கதிரையில் இருந்தாலும், அவள் என்னைத் திரும்பியும் பார்க்காமல் கேட்கிறாள்:

"எந்த வீட்டில?"